ஓடு உடைந்த இடம்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தை இரண்டு வருடமாக வாசிக்கிறேன். எனக்கு 24 வயது. ஒரு சின்னக் கம்பெனியில், சி மொழியில் எழுதிய பழைய நிரல் ஒன்றைப் பராமரிக்கும் வேலை. 1947-இல் கணினிக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கியதால்தான் பிழையைக் குறிக்கும் ‘பக்’ (ஆங்கிலத்தில் பூச்சி) என்ற சொல்லே பிறந்தது என்று படித்து வியந்தேன். போன வாரம் எங்கள் நிரல் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டால் வரும் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று சொல்லி விழுந்தது. நிரலை இடையில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டீபக்கரான ஜிடிபியில் போட்டுப் பார்த்தேன். கறுப்புத் திரை, பாதி வேரியபிள்களுக்கு மதிப்பு வராமல் ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று வந்தது. வெறுத்துப்போய் ஏஐயிடம் கேட்டேன். பாயிண்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் வேரியபிள்) நல், அதாவது வெறுமை, என்றால் திரும்பிவிடும்படி ஒரு வரி சேர்க்கச் சொன்னது. சேர்த்தேன், சரியாகிவிட்டது. ‘பிரிண்ட்எஃப் போட்டு மதிப்பைத் திரையில பார்த்தாப் போதும்ப்பா, லினக்ஸை எழுதின லினஸ் டோர்வால்ட்ஸே டீபக்கர் பிடிக்காதுன்னு சொல்லியிருக்கார்’ என்கிறார் எங்கள் டீம் லீட். இந்தக் காலத்தில் கமாண்ட் லைன் டீபக்கர் கற்பது நேர விரயமா? கற்பதென்றால் எந்தக் கோர்ஸ் நல்லது?

(பெயர் வேண்டாம் சார். டீம் லீடும் உங்களைப் படிக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு சொல்தான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. ‘சரியாகிவிட்டது.’ எது சரியாகிவிட்டது? அந்தப் பாயிண்டர் ஏன் நல் ஆனது என்று தெரியுமா? அதில் முகவரியை வைக்க வேண்டியது எந்த ஃபங்ஷன், வைத்ததா இல்லையா, வைத்ததை வேறு எதுவோ வந்து அழித்ததா? ஒன்றும் தெரியாது. கத்திக்கொண்டிருந்த நிரலின் வாயில் துணியை அடைத்துவிட்டு, அமைதியாகிவிட்டது என்று எழுதுகிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதில் நானும் இதையேதான் செய்யப் போனேன், ஒருவர் என் கையைத் தட்டிவிட்டார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

அதற்கு முன் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். அந்துப்பூச்சி: 1947 செப்டம்பர் 9, ஹார்வர்ட் மார்க் 2 கணினி, ரிலே என்ற மின் சுவிட்சில் சிக்கிய பூச்சியை டேப் போட்டுக் குறிப்பேட்டில் ஒட்டினார்கள், அந்தக் குறிப்பேடு இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் பூச்சிக்குக் கீழே, நிஜமாகவே ஒரு பக் அகப்பட்ட முதல் சம்பவம் என்ற அர்த்தத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல் முன்பே புழக்கத்தில் இருந்தால்தானே அது ஜோக்? எடிசன் 1878-லேயே ஒரு கடிதத்தில் இயந்திரக் கோளாறுகளை அப்படிச் சொல்லியிருக்கிறார். போகட்டும், இந்தக் கதையை விடுங்கள். ‘ஆப்டிமைஸ்டு அவுட்’: நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் வேகத்துக்காக அதை மாற்றியதால் வருவது. டீபக்கருக்கான தகவலைச் சேர்க்கச் சொல்லும் மைனஸ் ஜி (-g), மாற்றாதே என்னும் மைனஸ் ஓ பூஜ்யம் (-O0) கொடுத்து மறுபடி கம்பைல் செய்தால் காணாமல்போன வேரியபிள்கள் திரும்பி வரும். கோர்ஸ்: வேண்டாம். ஜிடிபிக்குள்ளேயே ஹெல்ப் என்று அடித்துப் பாருங்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதிய கருவி அது, உங்களுக்கு அண்ணன் வயது, கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் பதில் சொல்லும்.

லினஸ் சொன்னதைச் சும்மா விட முடியாது, ஏனென்றால் உங்கள் டீம் லீட் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். 2000-இல், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் டீபக்கரைச் சேர்க்க வேண்டுமா என்று நடந்த சண்டையில் அவர் எழுதியது அது. டீபக்கர் தனக்குப் பிடிக்காது என்று சொன்ன அதே மூச்சில், ஜிடிபியைத் தான் எப்போதும் பயன்படுத்துவதாகவும் சொல்கிறார். டீபக்கராக இல்லையாம், இயந்திர மொழியைப் பிரித்துப் பார்க்கும் கருவியாகவாம். (டீம் லீட் சார், வணக்கம்.)

சரி, கதைக்கு வருகிறேன்.

2001. சென்னையில் பத்துப் பேர் இருந்த ஓர் அலுவலகம். ஒரு தொழிற்சாலைக்குச் சம்பளக் கணக்குப் போடும் நிரல் என் பொறுப்பில் இருந்தது. யாரோ எழுதியது, ஆறு வருடம் ஒரு முனகலும் இல்லாமல் ஓடியது, என் கைக்கு வந்த மூன்றாவது மாதம் விழுந்தது. மாதத் தொடக்கம். 7-ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும், அன்று தேதி 4. திரையில் ‘ஃப்ளோட்டிங் பாயிண்ட் எக்செப்ஷன்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

ஃப்ளோட்டிங் பாயிண்ட் என்றதும் நான் என்ன செய்வேன்? தசமப் புள்ளி வரும் இடங்களையெல்லாம் தோண்டினேன். ஒரு முழு நாள் போனது. அது பொய்ப் பெயர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் லினக்ஸ் ஷெல் அதே வரியைத்தான் காட்டும். ஜிடிபிக்குள் ஓட்டியிருந்தால், அதே சிக்னலுக்கு ‘அரித்மெட்டிக் எக்செப்ஷன்’ என்று கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லியிருக்கும். நான் ஓட்டவில்லை. கறுப்புத் திரை எனக்கும் பயம்தான்.

மறுநாள் பிரிண்ட்எஃப் போட ஆரம்பித்தேன். வகுத்தல் நடக்கும் இடத்தைக் கண்டுபிடித்தேன்: ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் ஓவர்டைம் என்று பார்க்க, மொத்த மணி நேரத்தை வேலை செய்த நாட்களால் வகுக்கிறது. அங்கே நாட்கள் பூஜ்யம். ஆனால் ஒரு நாள்கூட வராதவர்களை நிரல் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுகிறது. வருகைப் பதிவைப் படிக்கும் இடத்தில் ஒரு பிரிண்ட்எஃப் போட்டால் 26 என்று வருகிறது. வகுக்கும் இடத்தில் 0. நடுவில் நாலாயிரம் வரி. அந்த வேரியபிளின் பெயரை நிரல் முழுக்கத் தேடினேன், அதில் எழுதும் இடம் ஒன்றே ஒன்று, 26 வைக்கும் அந்த இடம். யாருமே தொடாத எண் எப்படி மாறும்? கம்பைலரில் கோளாறு என்று முடிவு கட்டினேன். (புதிதாக வருகிற எல்லோரும் ஒரு தடவை கம்பைலரைச் சந்தேகிப்பார்கள், அம்மை போட்டுப் போவது மாதிரி.) பிறகு, நேரமில்லை என்று, ‘நாட்கள் பூஜ்யம் என்றால் 1 என்று வைத்துக்கொள்’ என ஒரு வரி எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் பின்னால் வந்து நின்றார்.

அவரை நாங்கள் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அப்போது நாற்பது வயது இருக்கும். மேசையில் எப்போதும் ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் இருக்கும். திரையைப் படித்தார்.

“அந்த ஆளுக்கு ஒரு நாள் சம்பளம்தான் போகும். பரவாயில்லையா?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ‘ஆள்’ என்ற சொல் எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. எனக்கு அது ஒரு ரெக்கார்டு.

“ஊர்ல ஓட்டு வீடா உங்களுக்கு? மழை பெஞ்சா சொட்டுற இடத்துக்கு நேர் மேலயா ஓடு உடைஞ்சிருக்கும்?”

இல்லை. ஓடு எங்கோ உடைந்திருக்கும், தண்ணீர் சட்டத்தோடு வழிந்து வந்து வேறு இடத்தில் சொட்டும். தாத்தா ஏணியோடு வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவார்.

உட்கார்ந்தார். முதலில் நிரலைச் சாகவிட்டு, கோர் ஃபைலை எடுத்தார். சாகும் நேரத்தில் நினைவகத்தில் இருந்ததெல்லாம் அப்படியே அதில் கிடக்கும், பழைய கணினிகளில் நினைவகம் ‘கோர்’ எனப்பட்ட காந்த வளையங்களால் ஆனது என்பதால் வந்த பெயர். அதை ஜிடிபியில் திறந்து பேக்டிரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து இங்கே வந்தது என்ற பட்டியல்) கேட்டார், 412-ஆவது ஊழியர் என்று தெரிந்தது. பிறகு நிரலை ஜிடிபிக்குள் ஓட்டி, 412-க்கு வருகைப் பதிவைப் படித்து முடித்ததும் மட்டும் நிற்கும்படி ஒரு பிரேக்பாயிண்ட். நின்றது. பிரிண்ட் கேட்டால் 26. அடுத்துதான் அந்தக் கட்டளை: வாட்ச். இந்த எண் மாறினால் நின்றுவிடு, யார் மாற்றினாலும் சரி.

இதை ஜிடிபி ஒவ்வொரு வரியாக நடந்து பார்த்துச் செய்வதில்லை. இன்டல் பிராசஸருக்குள் இதற்கென்றே நான்கு ரெஜிஸ்டர்கள், அதாவது குட்டி நினைவறைகள், இருக்கின்றன. கண்காணிக்க வேண்டிய முகவரியை அதில் எழுதி வைத்துவிட்டால், நிரல் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வன்பொருள் பிடித்துக்கொடுத்துவிடும்.

கன்டின்யூ அடித்தார். மூச்சு விடுவதற்குள் நின்றது. பழைய மதிப்பு 26, புதிய மதிப்பு 0. நின்ற இடம் எங்கள் நிரலே இல்லை, சி நூலகத்தின் ஸ்டிரிங்காப்பி. ஒரு படி மேலே போனால், ஊழியரின் பெயரை வேறொரு கோப்பிலிருந்து எடுத்து நகலெடுக்கும் வரி.

பெயருக்கு 20 பைட் ஒதுக்கியிருந்தார்கள், அதை ஒட்டி அடுத்ததாக நாட்கள். விண்ணப்பப் படிவத்திலும் 20 கட்டம்தான், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முந்தின மாதம் புதிதாகச் சேர்ந்தவருக்கு நம் ஊர் வழக்கப்படி நல்ல நீளமான பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் இனிஷியலும் புள்ளியுமாக மிகச்சரியாக 20. பெயர் முடிந்தது என்று காட்ட ஸ்டிரிங்காப்பி கடைசியில் ஒரு பூஜ்யத்தை வைக்கும், அது 21-ஆவது பைட், அதாவது நாட்களின் முதல் பைட். இன்டல் கணினியில் எண்ணின் கடைக்குட்டிப் பைட்தான் முதலில் இருக்கும். 26 முழுவதும் அந்த ஒரு பைட்டுக்குள்தான். போயிற்று.

பெயரை எழுதுகிற வரி, நாட்களை அழித்திருக்கிறது. அந்த வேரியபிளின் பெயரை ஆயுள் முழுக்கத் தேடியிருந்தாலும் எனக்குக் கிடைத்திருக்காது, ஏனென்றால் அந்த வரியில் அந்தப் பெயரே இல்லை. உங்கள் டீம் லீடிடம் இதைச் சொல்லுங்கள். பிரிண்ட்எஃப் நல்ல கருவி, நானும் தினமும் போடுகிறேன், ஆனால் நீங்கள் சந்தேகப்படும் இடத்தில்தான் அதைப் போடுவீர்கள். சந்தேகமே வராத இடத்தில் யார் போடுவது? இப்போதுதான் நினைவக அத்துமீறலைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசர் இருக்கிறதே என்று அவர் கேட்பார், கேட்கட்டும். பெயர், நாட்கள் போன்றவற்றைச் சேர்த்துக் கட்டிய ஒரே ஸ்ட்ரக்டுக்குள் ஓர் உறுப்பிலிருந்து பக்கத்து உறுப்புக்குள் வழிந்தால் அது சாதாரணமாக வாயே திறக்காது.

ஆனால் நான் சொல்ல வந்தது வாட்ச்பாயிண்டும் இல்லை. அந்த நோட்டு.

பிரிண்ட் கட்டளையை அடித்துவிட்டு, என்டர் தட்டுவதற்கு முன் மேடம் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, நோட்டின் இடது பக்கத்தில் என்ன வரும் என்று நினைக்கிறாரோ அதை எழுதுவார். பிறகு தட்டுவார். வந்ததை வலது பக்கத்தில் எழுதுவார். 26, 26. நல் இல்லை, நல் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது, தேதி 5, இவர் காப்பி நோட்டு எழுதுகிறாரே என்று. அடுத்த வாரம் என்னை விசைப்பலகையில் உட்கார வைத்தபோது, என்டரில் விரல் வைத்தேன், சட்டென்று மணிக்கட்டைப் பிடித்தார்.

“என்ன வரும்?”

“தெரியலை மேடம், அதைத்தானே பார்க்கப் போறேன்.”

“தெரியாம பார்த்தா, என்ன வந்தாலும் சரின்னுதான் தோணும்.”

அழ வைத்துவிடுவார். நான் நிஜமாகவே ஒரு தடவை அழுதேன், கழிவறையில். அதே ஆள்தான் எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் டிபன் பாக்ஸில் ரசஞ்சாதம் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார்.

ஜிடிபியில் ஒவ்வொரு வரியாக நகர நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போகிறீர்கள் அல்லவா, நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன், அது தேடுவது இல்லை, டீவி பார்ப்பது. திரையில் எண்கள் ஓடும், எல்லாம் நியாயமாகவே தெரியும், ஏனென்றால் எது அநியாயம் என்று நீங்கள் முன்கூட்டி முடிவு செய்யவில்லை. மனம் ஒரு மோசக்காரன். 0 வந்த பிறகு, ஆமாம் இங்கே 0-தானே வர வேண்டும் என்று காரணம் ஜோடிக்கும். காகிதத்தில் 26 என்று உங்கள் கையெழுத்தில் இருந்தால் ஜோடிக்க முடியாது. இடது பக்கமும் வலது பக்கமும் முதன்முதலாக ஒத்துப்போகாத வரிக்குப் பக்கத்தில்தான் உடைந்த ஓடு. எத்தனை தடவை வேண்டுமானாலும் இதைச் சொல்வேன், என்டருக்கு முன்னால் எழுதுங்கள், என்டருக்கு முன்னால்.

ஏஐயிடம் கேட்டதற்காக நான் திட்டவில்லை. நானும் கேட்கிறேன். ஆனால் அதற்கு நீங்கள் கொடுத்தது சொட்டும் இடத்தை மட்டும், அது பாத்திரம் வைக்கச் சொன்னது. பேக்டிரேஸ் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள்.

412-ஆவது ஆளுக்கு 26 நாள் சம்பளம் 7-ஆம் தேதி போனது. அப்படி ஒரு விஷயம் நடந்தது அவருக்குத் தெரியாது. மேடம் அடுத்த வருடம் வேலையை விட்டார். கிளம்பும் அன்று நோட்டைக் கேட்டேன், தரவில்லை, “அது என் தப்பு எல்லாம் இருக்கிற நோட்டு, உனக்கு எதுக்கு?” என்றார். அவரிடமே இடது பக்கம் தப்பாகிப்போன வரிகள் இருந்திருக்கின்றன என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நீங்கள் கேட்டது வேறு ஏதோ, நேர விரயமா என்றோ என்னவோ. திங்கட்கிழமை அலுவலகம் போனதும் அந்த நல் பரிசோதனை வரியை எடுத்துவிடுங்கள், உங்கள் கணினியில் மட்டும். ஜிடிபிக்குள் ஓட்டி விழ விடுங்கள். பேக்டிரேஸ் எடுங்கள், அந்தப் பாயிண்டர் கடைசியாக உயிரோடு இருந்த இடத்தில் நிறுத்தி ஒரு வாட்ச் வையுங்கள். நோட்டின் இரண்டு பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள், திரையை ஃபோட்டோ எடுத்து அனுப்பாமல் எழுத்தாக ஒட்டி அனுப்புங்கள், எனக்குக் கண் முன்போல் இல்லை.