வாசகர் கேள்வி பதில்: மிஞ்சிய பாஸ்தாவைச் சூடாக்கினால் போதுமா?

கேள்வி: இரவில் மிஞ்சும் பாஸ்தாவை அடுப்பு மேடையிலேயே மூடி வைத்துவிட்டு, காலையில் ஆவி பறக்கச் சூடாக்கிப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். கெட்ட வாடை எதுவும் இருப்பதில்லை. பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் என்கிறார் மாமியார். இது சரிதானா? (வாசகி, ஈரோடு)

பதில்: இந்தப் பழக்கத்தை அருள்கூர்ந்து இன்றோடு விட்டுவிடுங்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கோதுமை, அரிசி போன்ற தானியங்களில் இயல்பாகவே இருக்கும். பாஸ்தா வேகும் கொதிநீரிலும் அவை சாவதில்லை. வெந்த பாஸ்தா நம் ஊர் வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடக்கும்போது அந்த வித்துகள் முளைத்துப் பெருகி, செரியூலைடு என்ற நச்சை உண்டாக்குகின்றன. காலையில் நீங்கள் சூடாக்கும்போது பாக்டீரியா செத்தாலும், அது விட்டுச்சென்ற நச்சு அழிவதில்லை. 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையே தாங்கி நிற்கும் நச்சு அது. அதற்கு வாடையும் கிடையாது, சுவையும் கிடையாது என்பதால், முகர்ந்து பார்த்து முடிவு செய்வதில் பயனில்லை.

பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் 2008இல் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள்களாகச் சமையலறையில் வெளியிலேயே இருந்த ஸ்பகெட்டியைத் தக்காளி சாஸோடு சூடாக்கிச் சாப்பிட்டார். அரை மணி நேரத்துக்குள் தலைவலியும் வயிற்றுவலியும் தொடங்கின. பல மணி நேரம் வாந்தி எடுத்தவர், மறுநாள் காலையில் படுக்கையிலேயே இறந்து கிடந்தார். மிஞ்சியிருந்த ஸ்பகெட்டியில் இந்த பாக்டீரியா மிக அதிகமாக இருந்தது. தக்காளி சாஸில் இல்லை. எல்லோருக்கும் இப்படி நேரும் என்று அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பெரும்பாலோருக்கு இது ஒரு நாள் வாந்தியோடு போய்விடும். ஆனால் உண்ணப்போவது குழந்தைகள்.

உங்கள் மாமியார் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. பழைய சோறு நீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பேற்றுகின்றன. அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளை மட்டுப்படுத்துகிறது. மேடையில் மூடிக் கிடக்கும் பாஸ்தாவுக்கு அந்தக் காவல் இல்லை. ஆகவே சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, மூடி பிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: சிறிய உணவகம் நடத்துகிறேன். காலையில் பாஸ்தாவை அரைவேக்காடாக வேகவைத்து எண்ணெய் பிசறி, பெரிய பாத்திரத்தோடு பிரிட்ஜில் வைக்கிறோம். இது போதுமா? (வாசகர், மதுரை)

பதில்: முறை சரி, பாத்திரம்தான் தவறு. பத்து லிட்டர் பாத்திரத்தின் மேற்பரப்பு கைக்குச் சில்லென்று இருக்கும்போதே, அடியில் கரண்டியை விட்டுக் கிளறிப் பாருங்கள், நடுவில் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிக்கு வேண்டியதும் அதுதான். வடித்தவுடன் குடிப்பதற்கு உகந்த குளிர்ந்த நீரில் அலசி, தட்டையான ட்ரேக்களில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்புங்கள். 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்திலும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும் என்பது அமெரிக்க உணவகங்களுக்கான வழிகாட்டு விதி. நம் வெயிலுக்கு அதைவிட விரைவாக ஆற்றுவதே நல்லது.

பிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர் தொங்கட்டும். 2003இல் அதே பெல்ஜியத்தில், 14 டிகிரி காட்டிய பிரிட்ஜில் வைத்திருந்த பாஸ்தா சாலட்டைச் சாப்பிட்ட ஒரு குடும்பத்தின் ஐந்து குழந்தைகள் நோயுற்றனர். அவர்களில் ஏழு வயதுச் சிறுமி இறந்துபோனாள். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க இரவில் பிரிட்ஜை அணைக்கும் வழக்கம் இருந்தால், அதைக் கைவிடுங்கள். ஒவ்வொரு ட்ரேயிலும் வேகவைத்த நாளையும் நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள். பரிமாறும் மேசையில் வைப்பதானால் 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வையுங்கள்.

கேள்வி: பிரித்த பாஸ்தா பாக்கெட்டில் வண்டு வருகிறது. என்ன செய்வது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வண்டு விழுந்ததை எறிந்துவிட்டு, பக்கத்தில் உள்ள ரவை, மைதாவையும் பாருங்கள், அங்கிருந்தும் வந்திருக்கலாம். டப்பாவைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் வெயிலில் காயவைத்த பிறகு, புதிய பாஸ்தாவைக் கொட்டி இறுக மூடுங்கள். பாக்கெட்டில் உள்ள காலாவதித் தேதியை வெட்டி டப்பாவுக்குள் போட்டு வையுங்கள்.