பெண்ணியப் பார்வையில் வாசிப்பது என்றால் பழைய நூல்களில் குற்றம் கண்டுபிடிப்பதா?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. பழைய தமிழ் நூல்களைப் பெண்ணியப் பார்வையில் படிப்பது வெறுமனே குற்றம் பிடிக்கிற வேலையா என்பது ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு அதெல்லாம் தேவையா என்பது இன்னொன்று. நான் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். கோட்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கல்லூரியில் திருக்குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய பழைய உரை எங்களுக்குப் பாடம். ‘பெறுமவற்றுள் யாமறிவது இல்லை அறிவறிந்த மக்கட்பேறு அல்ல பிற’ என்கிற 61ஆம் குறளுக்கு எழுதும்போது, ‘அறிவறிந்த’ என்று சொன்னதால் ‘மக்கள்’ என்னும் பெயர் ‘பெண்ணொழித்து நின்றது’ என்று ஒரு குறிப்பு தருவார். அறிவு என்று வந்துவிட்டதாம், ஆகவே இந்த ‘மக்கள்’ என்ற சொல்லுக்குள் பெண் பிள்ளைகள் கிடையாது. அவர் உரையில் அதிகாரத்தின் பெயரே ‘புதல்வரைப் பெறுதல்’தான், ‘மக்கட்பேறு’ இல்லை. இதை நான் உருப்போட்டுப் படித்தேன், உரைநயத்துக்கு எடுத்துக்காட்டு என்று தேர்வில் எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். அறிவறிந்த மக்களில் நாங்கள் சேர்த்தி இல்லை என்று எங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, கூடுதல் தாள் எத்தனை வாங்கினாய் என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டு வெளியே வந்தோம். ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

ஏன் உறைக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் முக்கியமான கேள்வி. நாங்கள் மக்குகள் இல்லை. படிக்கும்போது உரைகாரர் எங்கே நிற்கிறாரோ அங்கேயே போய் நின்று, அவர் கண்ணால் பார்க்கப் பழகியிருந்தோம், அவ்வளவுதான். ஜூடித் ஃபெட்டர்லி என்ற அமெரிக்க விமர்சகர் 1978இல் வந்த தன் புத்தகத்தில் அமெரிக்கக் கதைகளை வைத்து இதையே சொன்னார்: பெண்ணும் ஆணாக இருந்து வாசிக்கத்தான் பழக்கப்படுத்தப்படுகிறாள், அதற்கு இணங்காமல் வாசிக்க அவள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று. அதைப் படித்தபோது எனக்கு அந்தத் தேர்வுத் தாள்தான் ஞாபகத்துக்கு வந்தது.

இன்னொன்றும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. ‘ஈன்ற பொழுதின் பெரிதுவக்கும் தன்மகனைச் சான்றோன் எனக்கேட்ட தாய்’, 69ஆம் குறள், தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். தாய் ஏன் ‘கேட்ட’ தாயாக இருக்கிறாள்? பெண் இயல்பால் தானாக அறிய மாட்டாள், பிறர் சொல்லித்தான் தெரிந்துகொள்வாள், அதனால்தான் வள்ளுவர் ‘கேட்ட தாய்’ என்றார் என்கிறார் பரிமேலழகர். குறளில் இது எங்கே இருக்கிறது? தன் பிள்ளையைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையே ஊரார் வாயால் கேட்கும்போது வருகிற பூரிப்பு தனி என்று படித்தால் குறள் இன்னும் அழகாகத்தானே இருக்கிறது. அதற்காக வள்ளுவரை முழுசாகக் காப்பாற்றிவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குறளிலேயே ‘மகன்’ என்றுதான் வருகிறது, தெய்வம் தொழாமல் கொழுநனை, அதாவது கணவனை, தொழுபவளும் அதே நூலில்தான் இருக்கிறாள். மூலத்தில் எவ்வளவு, உரையில் ஏறியது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. இதைக் குற்றம் கண்டுபிடிப்பது என்று சொன்னால், சரி, அப்படியே இருக்கட்டும்.

இன்றைய அளவுகோலால் அன்றைய நூலை அளக்கலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். பரிமேலழகர் என்ன செய்தார்? தனக்குப் பல நூற்றாண்டு முந்திய நூலைத் தன் காலத்து அளவுகோலால்தான் அளந்தார். குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்பார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்திருக்கிறார், குறளின் சொல்லையே வேறு பாடமாக மாற்றியிருக்கிறார். அந்த வரிசையில் பெண்கள் வந்து உட்கார்ந்தால் மட்டும் மரபுக்கு ஆபத்து வந்துவிடுகிறது!

பெண் புலவர்களைப் பாடத்தில் சேர்த்துவிட்டால் போதாதா என்றும் கேட்கலாம். சேர்க்கத்தான் வேண்டும், ஔவையாரும் வெள்ளிவீதியாரும் இல்லாமல் சங்கப் பாடல் நடத்துவது அநியாயம். ஆனால் பெண் எழுதியதாலேயே அது பெண்ணின் பக்கம் நிற்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே’ என்று பாடியது பொன்முடியார் என்கிற பெண் புலவர்தான். பெற்று வளர்ப்பது என் வேலை, ஆளாக்குவது அப்பன் வேலை. கல்விப் பொறுப்பை அப்படியே தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டார்.

இனி வகுப்பறை. ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூறு 279, ‘கெடுக சிந்தை கடிதிவள் துணிவே’, அதாவது இவள் சிந்தை கெடட்டும், இவள் துணிவு கடுமையானது என்று தொடங்கும் பாட்டு. முந்தைய போரில் தந்தை செத்தான் (அண்ணன் என்றும் பொருள் கொள்வார்கள்), நேற்றைய போரில் கணவன் செத்தான், இன்றைக்கும் பறை கேட்டதும் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலை வாரி, வெள்ளை உடுத்தி, கையில் வேல் கொடுத்துப் போ என்று அனுப்புகிறாள். மேடைகளில் இது வீரத்தாய்ப் பாட்டு. கேள்வித்தாளில் ‘வீரத்தாயின் துணிவை விளக்குக’ என்று வரும். கேள்வியிலேயே விடை இருக்கிறது, மாணவர் செய்ய வேண்டியது அதை நான்கு பத்தியாக நீட்டுவது மட்டும்தான்.

ஒரு வருஷம் நான் வேறு எதுவும் சொல்லாமல், பாட்டில் அவள் மனநிலையைக் காட்டுகிற சொற்களுக்கு மட்டும் கோடு போடுங்கள் என்றேன். ‘துணிவு’ எல்லோரும் போட்டார்கள். ‘விருப்புற்று மயங்கி’ என்ற இடத்தில் சண்டை வந்துவிட்டது. விருப்பம் என்றால் சரி, அது என்ன மயங்கி? மயங்கினவள் எப்படித் துணிந்தவள் ஆவாள்? ‘கெடுக சிந்தை’ என்று தொடங்குவது பாராட்டா, பதற்றமா? பழிப்பது போலப் புகழ்வது என்று நான் படித்ததைச் சொன்னேன், பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு பையன், வகுப்பில் வாயே திறக்காதவன், “அந்தப் பையன்கிட்ட யாராவது கேட்டாங்களா மிஸ்?” என்றான். அதுவரை எனக்குமே அந்தப் பையன் ஒரு ஆளாகத் தெரிந்ததில்லை. எண்ணெய் தடவ ஒரு தலை, வேல் பிடிக்க ஒரு கை. ஆண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பாட்டு கேட்பதை ஒரு ஆண் பிள்ளைதான் முதலில் பிடித்தான். பெண்ணியம் பெண் பிள்ளைகளுக்கான பாடம் என்கிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் இவனைப் பற்றித்தான் சொல்வது.

அந்தப் பருவத் தேர்வில் ஒரு மாணவி, அந்தத் தாய் துணிந்தவள் இல்லை, இரண்டு சாவுக்குப் பிறகு என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிறாள், ‘மயங்கி’ என்று புலவரே சொல்கிறார் என்று எழுதியிருந்தாள். அதே பாட்டில் வரும் ‘மூதின் மகளிர்’ (மறக்குடிப் பெண்) என்ற பாராட்டுச் சொல்லை மாணவி கண்டுகொள்ளவே இல்லை, அது குறைதான், ஓரத்தில் குறித்தேன். விடைக்குறிப்பில் இப்படி எதுவும் கிடையாது. எங்கள் பள்ளித் தேர்வு என்பதால் ஐந்துக்கு நாலரை போட்டேன். அப்புறம் அவளைக் கூப்பிட்டு, பொதுத்தேர்வில் வந்தால் விடைக்குறிப்பில் இருக்கும் வீரத்தாயை முதல் பத்தியில் எழுதிவிடு, உன் மயங்கினவளை இரண்டாவது பத்தியில் எழுது, திருத்துகிறவர் யாரோ என்றேன். தலையை ஆட்டினாள். சமாதானம் ஆன மாதிரித் தெரியவில்லை.