வெல்டிங் இணைப்பில் சீலர் பூசாத பட்டறை: வாரண்டியோடு வழக்கும் முடிந்துவிடுமா?

கேள்வி: விபத்தில் பின்பக்கம் நசுங்கிய என் காரைத் திருநெல்வேலியில் ஒரு பட்டறையில் விட்டேன். டிக்கியின் அடித்தகட்டை வெட்டியெடுத்துப் புதிய தகட்டை வெல்டு செய்தார்கள். பில் தொகை 78,000 ரூபாயில் 72,000-ஐக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தியது. மீதியை நான் கட்டினேன். 14 மாதங்கள் கழித்து, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மழைநீர் தேங்குகிறது; வெல்டு ஓடிய வழியெங்கும் பெயின்ட் கொப்புளித்துத் துரு தெரிகிறது. "6 மாத வாரண்டி முடிந்துவிட்டது, பணம் கொடுத்ததும் நீங்கள் இல்லை" என்கிறார் உரிமையாளர். நான் நாகர்கோவிலில் வசிக்கிறேன். வழக்குத் தொடர முடியுமா?

பதில்: தொடரலாம். ஆனால் அந்த இடத்தைச் சுரண்டிச் சரிசெய்ய வேறு பட்டறைக்கு அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள்; உங்கள் முதன்மைச் சாட்சி அந்தத் துருப்பிடித்த தகடுதான்.

இரு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்துப் புள்ளி புள்ளியாக வெல்டு செய்யும்போது இடையே நூலிழைச் சந்து நிற்கும். அதற்குள் ஏறிய நீர் வெளியேற வழியின்றித் தங்கிவிடும் என்பதால்தான், பிரைமர் அடித்தபின் விளிம்பு நெடுகச் சீலர் (சந்தை அடைக்கும் பசை) பூசி, அதன்மேல் பெயின்ட் அடிக்கிறார்கள். மேடுபள்ளத்தை நிரவப் பூசும் பட்டி இதற்கு மாற்றாகாது. அது ஈரத்தை உறிஞ்சக்கூடியது. வேலையின் தரத்திலும் செய்யும் முறையிலும் இருக்கும் இத்தகைய குறையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(11) சேவைக் குறைபாடு என்கிறது.

பட்டறை தானாக எழுதிக்கொண்ட 6 மாத வாரண்டி, பிரிவு 69 தரும் இரண்டு ஆண்டு காலவரம்பைச் சுருக்கிவிடாது. குறை தெரிந்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும் என்று வாதிட இடமிருந்தாலும், அதை நம்பிக் காத்திராமல், வண்டியை எடுத்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு 10 மாதங்கள் உள்ளன. பணம் கொடுத்தது காப்பீட்டு நிறுவனம் என்ற வாதமும் நிற்காது. பிறர் பணம் செலுத்திப் பெறும் சேவையை அவர் ஒப்புதலுடன் அனுபவிக்கும் பயனாளியும் பிரிவு 2(7)-இன்படி நுகர்வோரே. போதாக்குறைக்கு 6,000 ரூபாய் உங்கள் கையிலிருந்தே போயிருக்கிறது.

இனி ஆதாரம். டிக்கி விரிப்பைத் தூக்கி, இணைப்பின் மீது ஹோஸ் பைப்பால் நீர் பாய்ச்சி, அது எந்த இடத்தில் கசிந்து குழிக்கு வருகிறது என்பதை வண்டி எண் தெரியும்படி தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். அதன்பின், உரிமம் பெற்ற சர்வேயர் (வாகனச் சேத மதிப்பீட்டாளர்) ஒருவரைக் கொண்டு ஆய்வு செய்து, சீலர் இல்லாததையும் மறுவேலைக்கான செலவையும் அறிக்கையாகப் பெறுங்கள். நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களையும் ஆவணங்களையும் வைத்தே முடிவெடுப்பதால், சர்வேயரின் பிரமாணப் பத்திரமும் வேண்டும். வீடியோவுக்குச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63(4)-இன்படியான சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் இறுதி பில்லையும் மதிப்பீட்டு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். அதில் சீலருக்கென ஒரு வரி இருந்து பணமும் வசூலிக்கப்பட்டிருந்தால், பூசாத பொருளுக்கு எதற்குப் பணம் வாங்கினார் என்பதற்கு உரிமையாளர் பதில் சொல்லியாக வேண்டும்.

இவை கையில் வந்ததும், 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், நீங்கள் வசிக்கும் கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34-இன்படி புகார் அளிக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. மறுவேலைச் செலவு, ஆய்வுக் கட்டணம், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். காரின் முழு விலையைக் கேட்பதை நான் பரிந்துரைக்கவில்லை.