பூண்டு ஊறுகாயில் வினிகருக்குப் பதில் சிட்ரிக் அமிலம் சேர்க்கலாமா?

கேள்வி: பெரியகுளத்தில் வீட்டிலிருந்தே பூண்டு ஊறுகாய் செய்து விற்கிறேன். வடுகப்பட்டிச் சந்தையில் பூண்டு வாங்கி, உரித்து, முழுப் பல்லாகவே நல்லெண்ணெயில் வதக்கி, மசாலாவோடு வினிகர் சேர்ப்பது வழக்கம். வினிகர் வாடை பிடிக்கவில்லை என்று வாங்குபவர்கள் சிலர் சொல்கிறார்கள். அதை நிறுத்திவிட்டு சிட்ரிக் அமிலம் போடலாமா? எவ்வளவு போட வேண்டும்? ரசாயனக் கடையில் அசிட்டிக் அமிலம் கேனில் மலிவாகக் கிடைக்கிறது. அதில் தண்ணீர் கலந்து வினிகராகப் பயன்படுத்தலாமா? உப்பு அதிகம் என்று சொன்னதால் உப்பையும் குறைத்திருக்கிறேன். போன முறை சில பற்கள் பச்சையாக மாறிவிட்டன. கெட்டுப்போனதாக அர்த்தமா?

பதில்: சிட்ரிக் அமிலம் சேர்க்கலாம். ஆனால் வினிகரை முழுவதும் நிறுத்திவிட்டு, அதே புளிப்பு வரும்வரை சிட்ரிக் அமிலம் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். கேன் அமிலம் கூடவே கூடாது. பச்சை நிறத்துக்குப் பயப்பட வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் உப்பு விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மாங்காயும் எலுமிச்சையும் தாமே புளிப்பானவை. பூண்டில் அந்தப் புளிப்பு இல்லை. அதன் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6-ஐ ஒட்டி இருக்கும். மண்ணுக்குள் விளைவதால் மண்ணில் வாழும் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (சூட்டைத் தாங்கும் அதன் உறங்குநிலை வடிவம்) அதில் ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. இந்தப் பாக்டீரியா காற்றில்லாத இடத்தில்தான் வளரும். மேலே எண்ணெய் நிற்கும் ஜாடி அதற்குத் தோதான இடம். வதக்கும்போது எண்ணெய் எவ்வளவு சூடாக இருந்தாலும், பல்லுக்குள் ஈரம் இருக்கும்வரை அதன் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது. வித்துகளை அழிக்க அழுத்தத்தில் 121 டிகிரி வேண்டும். ஆகவே வதக்கியதால் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

1985-ல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேர் இந்தப் பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். காரணம், சோயா எண்ணெயில் போட்டுவைத்த நறுக்கிய பூண்டு. அதில் அமிலம் எதுவும் சேர்க்கப்படவில்லை, குளிர்பதனப் பெட்டியிலும் வைக்கவில்லை. 1989-ல் நியூயார்க் மாநிலத்திலும் இதேபோல் மூன்று பேர் பாதிக்கப்பட்டார்கள். அதன்பிறகுதான் எண்ணெயில் இடும் பூண்டுக்கு அமிலம் சேர்த்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க அரசு கட்டாயமாக்கியது. இந்த நஞ்சு வாடையிலோ ருசியிலோ காட்டிக்கொடுக்காது. கண்ணிமை தொங்குவதும் பேச்சு குழறுவதும்தான் முதல் அடையாளம், பிறகு மூச்சுத் தசைகளும் செயலிழக்கும். முகர்ந்து பார்த்து 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொல்வதற்கு இங்கே மதிப்பே கிடையாது.

நம் பாட்டிமார் போட்ட ஊறுகாயில் இந்த ஆபத்து ஏன் வரவில்லை என்றால், உப்பு. ஈரப்பகுதியில் 10 சதவீதம் உப்பு கரைந்திருந்தால் அந்தப் பாக்டீரியாவால் வளர முடியாது. அமிலம் என்று பார்த்தால், பிஎச் 4.6-க்குக் கீழே அதனால் வளர முடியாது. இந்த இரண்டில் ஒன்றாவது ஊறுகாய் முழுவதும் உறுதியாக இருக்க வேண்டும். நீங்கள் உப்பைக் குறைத்துவிட்டீர்கள் என்றால் பாரம் முழுவதும் அமிலத்தின் மேல் இறங்குகிறது. அமிலத்தையும் மாற்றப்போகிறீர்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது அமிலத்துக்கு வருவோம். அசிட்டிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும் கரிம அமிலங்கள்தான். எடைக்கு எடை, காரத்தை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான சேர்மம்) நடுநிலையாக்கும் திறன் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே: 60 கிராம் அசிட்டிக் அமிலம் செய்வதை நீரற்ற சிட்ரிக் அமிலம் 64 கிராம் செய்யும். கடையில் கிடைக்கும் படிகத்தில் நீரும் சேர்ந்திருந்தால் 70 கிராம். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலரும் ஒன்றுக்கொன்று மாற்று என்று முடிவு செய்கிறார்கள். தண்ணீரில் கரைந்த பிறகு இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. 4 சதவீத அசிட்டிக் அமிலக் கரைசலின் பிஎச் சுமார் 2.5. அதே 4 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலுக்கு சுமார் 1.9. பிஎச்சைக் கீழே இறக்குவதில் சிட்ரிக் அமிலமே வல்லது.

அப்படியானால் வினிகர் எதற்கு? கிருமியைத் தாக்கும் விதத்தில்தான் அதன் பலம் இருக்கிறது. கரைசலில் ஒரு பங்கு அமில மூலக்கூறுகள் ஹைட்ரஜன் அயனியை விட்டுப் பிரிந்திருக்கும், மறு பங்கு பிரியாமல் முழுதாக இருக்கும். மின்னூட்டம் உள்ள அயனியால் கிருமியின் கொழுப்புச் சவ்வை எளிதில் கடக்க முடியாது. பிரியாத அசிட்டிக் அமில மூலக்கூறு சிறியது, மின்னூட்டம் இல்லாதது, ஆகவே சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும். செல்லுக்குள் பிஎச் 7-ஐ ஒட்டி இருப்பதால் அங்கே போய்ப் பிரியும், உட்புறத்தைப் புளிக்கச் செய்யும். அதை வெளியேற்றியே கிருமி களைத்துப்போகும். பூஞ்சைக்கும் ஈஸ்டுக்கும் இதே கதைதான்.

பிஎச் 4-ல் அசிட்டிக் அமிலத்தில் சுமார் 85 சதவீதம் பிரியாமல் இருக்கிறது. தயிரிலும் புளித்த மாவிலும் உள்ள லாக்டிக் அமிலத்தில் 42 சதவீதம். சிட்ரிக் அமிலத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் மட்டுமே, அதுவும் பெரிய மூலக்கூறு. ஆகவே சிட்ரிக் அமிலம் மட்டும் போட்ட ஊறுகாய் பாட்டுலினத்திடமிருந்து தப்பிக்கலாம், பிஎச் சரியாக இருந்தால். ஆனால் மூடி திறந்த சில வாரங்களில் மேலே பூஞ்சை படர்வதைத் தடுக்க அதனிடம் பெரிய ஆயுதம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. பிஎச் 5-ல் அசிட்டிக் அமிலத்தில் 36 சதவீதம்தான் பிரியாமல் இருக்கும். சிட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச்சை 4-க்கு இறக்கினால், நீங்கள் ஊற்றிய அதே வினிகரில் வேலை செய்யும் பங்கு இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஒரு சொட்டு வினிகர்கூட அதிகம் ஊற்றவில்லை! ஆகவே என் யோசனை இரண்டையும் சேர்த்துப் போடுவது. வினிகரைப் பாதியாகக் குறையுங்கள், பிஎச்சை இறக்கும் வேலையைச் சிட்ரிக் அமிலத்திடம் விடுங்கள். வாடையும் குறையும். வினிகரைக் கொதிக்கும் மசாலாவில் ஊற்றாதீர்கள். அப்போதுதான் ஆவியாகி மூக்கைத் துளைக்கிறது, பாதுகாப்பும் ஆவியோடு போகிறது. நன்றாக ஆறிய பிறகு ஊற்றுங்கள்.

எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். கரண்டிக் கணக்கு சொல்ல மாட்டேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினை முழுப் பல். குழம்பு புளிப்பாக இருக்கும்போதே பல்லின் நடுப்பகுதி பிஎச் 5-க்கு மேல் இருக்கக்கூடும். அமிலம் உள்ளே ஊற நேரம் வேண்டும். அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகம் எண்ணெயில் இடும் பூண்டுக்குச் சோதித்துச் சொன்ன முறை இது: பூண்டை 6 மில்லிமீட்டருக்கு மிகாத துண்டுகளாக நறுக்கி, 3 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலில் 24 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். ஒரு கிலோ பூண்டுக்கு மூன்று கிலோ கரைசல். லிட்டருக்கு 30 கிராம் சிட்ரிக் அமிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வதக்குவதற்கு முன் இதைச் செய்தால் வேலை பாதி முடிந்தது. நறுக்க மனமில்லாமல் முழுப் பல்லாகவே விற்க வேண்டும் என்றால் இந்த 24 மணி நேரம் செல்லாது. பல்லின் பருமனுக்கு ஏற்ப ஊறும் நேரம் கூடும். அளந்து பார்ப்பது ஒன்றே வழி.

அளப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிஎச் தாளை ஊறுகாயில் தோய்த்தால் மிளகாயும் மஞ்சளும் ஏறி நிறமே தெரியாது. பேனா வடிவப் பிஎச் மீட்டர் ஒன்று வாங்குங்கள், ஒவ்வொரு முறையும் பிஎச் 4, 7 என்று முன்பே தெரிந்த தரக் கரைசல்களில் சரிபாருங்கள். ஜாடியிலிருந்து மிகப் பருமனான பற்களாகப் பொறுக்கி, எண்ணெயை வடித்து, மேலே ஒட்டிய மசாலாவைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டு மசிய அரைத்து, அந்த விழுதில் மீட்டரை வையுங்கள். மீட்டரின் கண்ணாடிக் குமிழில் எண்ணெய் படிந்தால் அளவு தவறும், ஆகவே அளந்ததும் மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். 4.6 என்பது எல்லைக்கோடு. நீங்கள் 4.2-க்குக் கீழே நிற்பதை இலக்காக வையுங்கள். அது வரும்வரை அந்தத் தொகுதியை விற்பனைக்கு அனுப்பாதீர்கள்.

எலுமிச்சைச் சாறு போடலாமே என்ற எண்ணம் வரும். ருசிக்குத் தாராளமாகப் போடுங்கள். பழத்துக்குப் பழம், பருவத்துக்குப் பருவம் அதன் அமில அளவு மாறும் என்பதால் பாதுகாப்புக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

கேன் அமிலம் பற்றி. ரசாயனக் கடையில் கிடைப்பது 99 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ளது, 16.6 டிகிரியில் பனிக்கட்டிபோல் உறையும். திருப்பூர் சாயப்பட்டறைகளில் துணியின் காரத்தை நடுநிலையாக்குவதற்கு இதுதான் போகிறது. கணக்குப்படி ஒரு லிட்டர் 4 சதவீத வினிகருக்கு 38 மில்லிலிட்டர் போதும், மலிவுதான். மூலக்கூறும் வினிகரில் இருப்பதேதான். ஆனால் தொழிற்சாலைத் தரத்தில் உலோக மாசுக்கு உணவுக்கான வரம்பு பார்ப்பதில்லை, கேனில் முன்பு என்ன இருந்தது என்பதும் தெரியாது. தோலில் பட்டால் கொப்புளிக்கும், ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், 40 டிகிரி அளவிலேயே அதன் ஆவி தீப்பற்றும். தேனி மாவட்டத்துக் கோடையில், அடுப்பு எரியும் வீட்டில் அதை வைக்க வேண்டாம். உணவுத் தர உரிமம் உள்ள வினிகரையே வாங்குங்கள். இந்திய விதிப்படி 100 மில்லிலிட்டரில் குறைந்தது 3.75 கிராம் அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும். செயற்கை வினிகர் என்றால் லேபிளில் அப்படியே குறிப்பிட்டிருக்க வேண்டும்.

பாத்திரம் எவர்சில்வர், கண்ணாடி அல்லது பீங்கான். அலுமினியமும் பித்தளையும் அமிலத்தில் கரையும்.

கடைசியாக அந்தப் பச்சை நிறம். பூண்டில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலத்தின் முன்னிலையில் பூண்டிலேயே உள்ள நொதிகளால் (என்சைம்களால்) மாறி, அமினோ அமிலங்களோடு சேர்ந்து நீலமும் பச்சையுமான நிறமியை உண்டாக்குகின்றன. குளிர்பதனக் கிடங்கில் இருந்த பூண்டில் இது அதிகம். சீனாவில் குளிர்காலப் பண்டிகை ஒன்றுக்காக வினிகரில் பூண்டை ஊறவைத்து, அந்தப் பச்சை நிறம் வருவதற்காகவே காத்திருப்பார்கள். தீங்கு எதுவும் இல்லை. வாங்குபவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றால், அமிலத்தில் போடுவதற்கு முன் பற்களைக் கொதிக்கும் நீராவியில் சில நிமிடம் காட்டுங்கள். நொதி செயலிழந்துவிடும், பல் வெள்ளையாகவே நிற்கும்.