பையை எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவுவது?

கேள்வி: நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டக் குடியிருப்பில் இருக்கிறேன். கணவர் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்). நான் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். மகள் இரண்டாம் ஆண்டு, மகன் பாலர் பள்ளி. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்த நாத்தனார், சாப்பாட்டு மேசையில் என் கைப்பையும் மகளின் பள்ளிப் பையும் இருந்ததைப் பார்த்துவிட்டு, "கழிவறையைவிடக் கைப்பையிலதான் கிருமி அதிகம், தெரியாதா அண்ணி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் குளோரோக்ஸ் (ப்ளீச்) கலந்து எல்லாப் பைகளையும் தேய்க்கிறேன். கையெல்லாம் வெடித்துவிட்டது. மாமியாரோ, "லயத்து வீட்டுல ஆறு பிள்ளைங்கள வளர்த்தேன், பையக் கழுவியா வளர்த்தேன்?" என்கிறார். எந்தப் பையை எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும்? என் வீடு உண்மையிலேயே அசுத்தமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் கையைப் பார்ப்போம். இன்றைக்கே குளோரோக்ஸ் வாளியை ஓரமாக வையுங்கள். வெடிக்காத தோல்தான் கிருமிக்கு எதிராக நம் உடம்புக்கு இருக்கும் முதல் வேலி. அந்த வேலியைத் தினமும் கரைத்துவிட்டுப் பையைச் சுத்தமாக வைத்திருப்பதில் லாபம் இல்லை. சாதாரணப் பைக்குச் சவர்க்காரமும் தண்ணீரும் வெயிலும் போதும்.

உங்கள் வீடு அசுத்தம் இல்லை. ஒரு நாள் மேசைமேல் பை இருந்ததை வைத்து ஒரு குடும்பத்தின் சுத்தத்தை அளக்க முடியாது. அதிலும் விருந்துக்கு வந்த இடத்தில் எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டது தப்பு. அவர் நல்லதை நினைத்தே சொல்லியிருக்கலாம். ஆனால் ஷிப்ட் முடித்து வந்து பலகாரம் சுட்ட பெண்ணிடம் சொல்லும் முறை அது இல்லை.

அந்தக் கழிவறைக் கணக்கு போனில் சுற்றும் காணொளிகளில் அடிக்கடி வரும். கழிவறை இருக்கை வழவழப்பானது, சீக்கிரம் காய்வது, நாம் அடிக்கடி தேய்ப்பது. அதனால் அதில் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். கைப்பை துணியோ தோலோ ஆனது, மடிப்புகள் உள்ளது, யாரும் தேய்ப்பதில்லை. எண்ணினால் அதிகமாகத்தான் வரும். ஆனால் அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி நம் கைத்தோலிலேயே வாழும் பாக்டீரியா. அதனால் நமக்கு ஒன்றும் ஆகாது. எத்தனை இருக்கிறது என்பதைவிட எது இருக்கிறது, அது எப்படி வாய்க்குப் போகும் என்பதுதான் முக்கியம்.

அதனால் எல்லாப் பைக்கும் ஒரே நாள் கணக்கு சொல்ல மாட்டேன். அந்தப் பை எங்கே போய் வந்தது, எதைச் சுமந்தது, வீட்டுக்குள் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் நாத்தனார் கண்ணில் பட்ட கைப்பை கடைசியில் வரும். யாரும் கவனிக்காத பாசார் (சந்தை) பை முதலில் வரும்.

கோழியும் மீனும் வாங்கி வருகிற பையைத்தான் சொல்கிறேன். பிளாஸ்டிக் பைக்குக் காசு கொடுக்கக் கூடாது என்று நாம் எல்லாரும் மடித்து வைத்திருக்கிற அந்தப் பைதான். கோழி பிளாஸ்டிக்கில் கட்டித்தான் வரும், ஆனாலும் முடிச்சு வழியாக அந்த நீர் கசிந்து பையின் அடியில் தேங்கும். சால்மொனெல்லா, கெம்பைலோபெக்டர் போன்ற பேதி தரும் கிருமிகள் பச்சைக் கோழியில் சாதாரணமாக இருப்பவை. அடுத்த வாரம் அதே பையில் தக்காளியும் ரொட்டியும் வாங்கி வருகிறோம். ரொட்டியை யாரும் வேகவைத்துச் சாப்பிடுவதில்லை.

2010-இல் அமெரிக்காவின் அரிசோனா, லோமா லிண்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடைக்கு வந்தவர்களிடமிருந்து 84 பைகளை வாங்கிச் சோதித்தார்கள். பாதிப் பைகளில் கோலிஃபார்ம் வகைக் கிருமிகள் (குடலிலும் மண்ணிலும் வாழ்பவை) இருந்தன. பையைக் கழுவும் வழக்கமே இல்லை என்றவர்கள் 97 விழுக்காடு. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பிளாஸ்டிக் தயாரிப்பாளர்களும் உறுப்பினராக உள்ள இரசாயனத் தொழில் சங்கம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். துணிப்பையே வேண்டாம் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நமக்குப் பயன்படுவது அதில் இருந்த இரண்டு விஷயங்கள். இறைச்சி நீர் பட்ட பையைக் காரின் பின்பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தபோது கிருமி பத்து மடங்கு பெருகியது. கையாலோ இயந்திரத்திலோ கழுவியபோது 99.9 விழுக்காடு போய்விட்டது. நம் ஊர் வெயிலில் மோட்டார் சைக்கிள் கூடையில் வரும் பையையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கோழி, மீன், இறைச்சிக்கு என்று தனியாக ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். வேறு நிறமாக இருந்தால் மாமியாருக்கும் பிள்ளைக்கும் குழப்பம் வராது. அதைப் பாசாரிலிருந்து வந்த ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டு அலசி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிக் காயப்போடுங்கள். ஈரத்தோடு மட்டும் மடித்து வைக்காதீர்கள். அடியில் அட்டை வைத்த பையாக இருந்தால் அட்டையை எடுத்துவிட்டுக் கழுவுங்கள். நாற்றம் பெரும்பாலும் அதன் கீழேதான் ஒளிந்திருக்கும். காய்கறிப் பையை வாரம் ஒரு முறை அலசினால் போதும். பையைக் குளியலறையில் தொங்கவிடும் பழக்கம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2010-இல் ஒரு கால்பந்துக் குழுச் சிறுமிக்கு ஹோட்டல் அறையில் வாந்தியும் பேதியும் கண்டது. அந்தக் குளியலறையில் பிஸ்கட் வைத்த பை ஒன்று இருந்தது. அவள் அதைத் தொடக்கூட இல்லை. மறுநாள் அந்தப் பையிலிருந்து எடுத்துச் சாப்பிட்ட மற்ற பிள்ளைகளுக்கும் அதே நோரோவைரஸ் வந்தது.

பிள்ளைகளின் சாப்பாட்டுப் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் தினமும் கழுவ வேண்டும். இதில் சலுகை கிடையாது. போத்தல் மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள், கறுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது பூஞ்சை.

அடுத்து பள்ளிப் பை. இதை மட்டும் ஒரு சனிக்கிழமை காலையில் நீங்களும் மகளும் சேர்ந்து செய்யுங்கள். புத்தகங்களை எல்லாம் எடுத்துவிட்டு, பழைய நாளிதழை விரித்துப் பையைக் கவிழ்த்துத் தட்டுங்கள். பென்சில் சீவல், அழிப்பான் தூள், பிஸ்கட் துணுக்கு, நசுங்கிப்போன ஒரு மிட்டாய் எல்லாம் விழும். அதற்குப் பிறகும் அடித்தையலைப் பிரித்துப் பார்த்தால் ஒரு கோடு தெரியும்: சர்க்கரையும் தூளும் சேர்ந்து இறுகிய பழுப்புக் கோடு. எறும்பும் கரப்பானும் அதைத் தேடித்தான் வருகின்றன. பழைய பல்துலக்கியைச் சவர்க்கார நீரில் தொட்டு அந்தத் தையலைத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, ஜிப்பைத் திறந்தபடியே காயப்போடுங்கள். இந்தத் தட்டித் துடைக்கும் வேலை வாரம் ஒரு முறை. முழுக்க ஊறவைத்துத் துவைப்பது பள்ளி விடுமுறைக்கு விடுமுறை போதும். அக்டோபர், நவம்பர் மழையில் துவைக்காதீர்கள். காயாத பையைவிடத் துவைக்காத பை மேல்.

இழுத்துக்கொண்டு போகும் சக்கரப் பையாக இருந்தால் சக்கரத்தைத் தினமும் வாசலிலேயே துடைக்கச் சொல்லுங்கள். பள்ளிக் கழிவறை வாசலில் உருண்ட சக்கரமும் கடையோர ஐந்தடி நடைபாதையில் உருண்ட சக்கரமும் அதுவே.

பாலர் பள்ளிக்குப் போகும் மகன் விஷயத்தில் கை, கால், வாய் நோய் பரவுகிறது என்று தகவல் வந்தால் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். அந்தக் கிருமிக்குக் கையில் தேய்க்கும் ஆல்கஹால் ஜெல் சரியாக வேலை செய்யாது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதுதான் சரி. குளோரோக்ஸ் பயன்படும் இடமும் இதுதான். முதலில் சவர்க்காரத்தால் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு நான்கு தேக்கரண்டி கலந்து, கதவுப் பிடி, பிளாஸ்டிக் பொம்மை, மேசை மேல்பரப்பு ஆகியவற்றைத் துடைத்து, குறைந்தது ஒரு நிமிடம் ஈரமாக விட்டு, பிறகு நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். வினிகரோடோ கழிவறை கழுவும் அமிலத்தோடோ அமோனியாவோடோ கலக்கவே கூடாது. ரப்பர்ப் பால் கெடாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்; அது இருந்த வாளியில் குளோரோக்ஸை ஊற்றினால் நெஞ்சை அடைக்கும் நச்சுப்புகை வரும்.

உங்கள் கைப்பைக்கு வாரம் ஒரு முறை ரசீதுக் குப்பையைக் கொட்டிவிட்டு, கைப்பிடியையும் அடிப்பக்கத்தையும் துடைத்தால் போதும். போலித்தோல் பை பிசுபிசுத்து உரிந்தால் அது அழுக்கு இல்லை. நம் நாட்டு ஈரக்காற்றில் அந்தப் பூச்சே சிதைகிறது. எவ்வளவு தேய்த்தாலும் சரியாகாது, மாற்ற வேண்டியதுதான்.

நீங்கள் கேட்காத ஒரு பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் தோட்டத்துக்குக் கொண்டு போகும் பை எங்கே இருக்கிறது? எனக்கு உண்மையில் கவலை தருவது அதுதான். செம்பனைக் காட்டில் எலிக்குக் குறைவில்லை. அதற்காகத்தானே கம்பம் நட்டு ஆந்தைப் பெட்டி வைக்கிறார்கள். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி உயிரோடு இருக்கும். நம் ஊரில் 'கென்சிங் திக்குஸ்' (எலிக் காய்ச்சல்) என்கிறோமே, அதே நோய்தான். அது தோல் வெடிப்பு வழியாகவும், கண், வாய், மூக்கு வழியாகவும் உடம்புக்குள் போகும். சேறு பட்ட பையை உங்கள் வெடித்த கையால் தேய்ப்பதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நல்ல வேளையாக, அந்தக் கிருமி உலர்ந்தால் செத்துவிடும்.

மண்டோராக இருப்பதால் மருந்து அடிக்கும் இடத்திலும் நிற்பார். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் மலேசியா தடைசெய்துவிட்டது. ஆனாலும் புல்லுக்கு அடிக்கும் மற்ற மருந்துகள் துணியில் ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே அந்தப் பை வீட்டுக்குள் வர வேண்டாம். வெளியில் கூரைக்குக் கீழே ஓர் ஆணி அடித்து அங்கேயே மாட்டச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை அவரே அதை வெளிக்குழாயில் கழுவி வெயிலில் போடட்டும். மருந்து அடித்த நாளில் போட்ட சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். சாப்பாட்டுக்குத் தனிப் பை கொடுத்துவிடுங்கள். அவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். கிளினிக்குக்குப் போனதும் தோட்டத்தில் வேலை என்பதை முதலில் சொல்லச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அந்த ஒரு தகவல் பெரிய உதவி.

வீட்டின் மற்ற வேலைகளில் பாத்திரம் தேய்க்கும் பஞ்சையும் மேசை துடைக்கும் துணியையும் மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். எப்போதும் ஈரம், எப்போதும் சோற்றுத் துணுக்கு என்று இருப்பதால் வீட்டிலேயே கிருமி அதிகம் வளர்வது அந்தப் பஞ்சில்தான். நாற்றம் வரும்வரை காத்திருக்காமல் அடிக்கடி மாற்றுங்கள். துணியைத் தினமும் துவைத்துக் காயப்போடுங்கள். தண்ணீர் பிடித்து வைக்கும் தொட்டியையும் பூச்சாடித் தட்டையும் வாரம் ஒரு முறை கொட்டி, உட்சுவரைத் தேய்க்க வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையைச் சுவரில் ஒட்டி வைக்கும், ஏழு முதல் பத்து நாளில் அது பறக்கும் கொசுவாகிவிடும். அழுக்குப் பையால் வரக்கூடிய ஆபத்தைவிட டிங்கி ஆபத்து உங்கள் வீட்டுக்குப் பல மடங்கு பெரிது. தரையைத் தினமும் கூட்டினால் போதும், தினமும் மருந்து போட்டுத் துடைக்க வேண்டியதில்லை.

உங்கள் மாமியார் பையைக் கழுவாமல் ஆறு பிள்ளைகளை வளர்த்தார் என்பது உண்மைதான். ஆனால் அவரிடம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். வேலைக்காட்டிலிருந்து வந்தவர்கள் கால் கழுவாமல் படியேறினார்களா? ரப்பர்ப் பால் தூக்கும் காண்டாக் கம்பும் வாளியும் வீட்டுக்குள் வந்தனவா? அடுப்படிக்கு வெளியே ஆணியில்தானே பை தொங்கியது? அவர் பைக்குப் போட்டிருந்த எல்லை, நான் மேலே இவ்வளவு நேரம் சொன்ன எல்லைதான். அவரை எதிர்த்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யாதீர்கள். வாசலில் ஆணி அடிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். பேரப்பிள்ளைகள் உங்கள் சொல்லைவிட அவர் சொல்லைக் கேட்பார்கள்.

மேசைமேல் பை வைக்க வேண்டாம் என்று நாத்தனார் சொன்னது மட்டும் சரி. பை தரையில் உட்கார்ந்து வருகிறது, சோறு மேசையில் இருக்கிறது. சுவரோரம் ஒரு முக்காலி போட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. அடுத்த முறை அவர் வரும்போது, "நீ சொன்னதுல ஒன்னு சரிதான்மா, மாத்திட்டேன். ஆனா அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கேட்டது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மனதில் வைத்துக்கொண்டு இரவில் பையைத் தேய்ப்பதைவிட அது நல்லது.

கையில் வெடிப்பு ஆறும்வரை வாசனை இல்லாத களிம்பு தடவுங்கள். பாத்திரம் கழுவ ரப்பர்ப் பாலில் செய்யாத கையுறை போடுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையத்தில்) காட்டுங்கள், கட்டணம் ஒரு ரிங்கிட்தான். அங்கே குளோரோக்ஸ் கதையை மட்டும் சொல்லாமல் கையுறைத் தொழிற்சாலையில் வேலை என்பதையும் சொல்லுங்கள். ரப்பர்ப் பாலோ அதில் சேர்க்கும் இரசாயனமோ ஒத்துக்கொள்ளாமலும் கை இப்படி வெடிக்கும். அப்படி இருந்தால் வீட்டில் எதை நிறுத்தினாலும் ஆறாது. தொழிற்சாலையில்தான் வேறு பகுதிக்கு மாற்றிக் கேட்க வேண்டும், அதற்கு மருத்துவரின் கடிதம் தேவைப்படும்.