பாம்புத் தொட்டிக்குள் ஈரம்: எந்த விரிப்பு, எந்தக் கோப்பை?

கேள்வி: எங்களிடம் மூன்றடி நீளமான போல் பைதன் (ஒரு வகை மலைப்பாம்பு) ஒன்று இருக்கிறது. அனுமதிப் பத்திரங்களோடு கொழும்பில் வாங்கியது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலமான கண்ணாடித் தொட்டியில் மரக்காலையில் எடுத்த மரத்தூளைப் பரப்பி, பெரிய பிளாஸ்ரிக் பேசின் நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறோம். இணையத்தில் சொன்னபடி நாளுக்கு இரண்டு தரம் தண்ணீரும் தெளிக்கிறோம். இப்போது வயிற்றுச் செதில்கள் சில செம்மண் நிறமாகி, கொப்புளம் போலத் தெரிகின்றன. பாம்பும் நாள் முழுக்கப் பேசினுக்குள்ளேயே கிடக்கிறது. விரிப்பை மாற்றவா, கோப்பையை மாற்றவா?
— வாசகர், கொக்குவில்

பதில்: இரண்டையும் மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன், தண்ணீர் தெளிப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

நீங்கள் படித்த ஆலோசனை குளிர்நாட்டு வீடுகளுக்கு எழுதப்பட்டது. அங்கே வீட்டைச் சூடாக்கும் கருவி காற்றை வறட்டிவிடும். அதனால் தெளிக்கச் சொல்கிறார்கள். போல் பைதனுக்கு 55 முதல் 65 வீதம் வரையான ஈரப்பதன் போதும். யாழ்ப்பாணத்துக் காற்றில் பெரும்பாலான நாட்களில் அதற்கு மேலேயே ஈரம் உண்டு. மாரியில் சொல்லவே வேண்டாம். அதற்கு மேல் நனைந்த மரத்தூள், அகன்ற பேசின், கண்ணாடி மூடி என்று சேர்ந்தால் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. பாம்பு முழு உடம்பையும் நிலத்தில் வைத்து வாழ்கிற பிராணி. ஈரத்தில் வயிறு ஓயாமல் கிடந்தால் செதிலுக்கடியில் கிருமி புகும். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் செதில் அழுகலின் அடையாளங்கள்.

மரத்தூள் முழுவதையும் அள்ளி எறிந்து, தொட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, பழைய பேப்பர் நான்கைந்து தாள் விரியுங்கள். காயம் ஆறும்வரை வேறு விரிப்பு வேண்டாம். பேப்பர் நனைந்தாலோ பாம்பு கழித்தாலோ உடனே மாற்றுங்கள். தொட்டியைத் துடைக்கப் பீனைல், டெற்றோல் பாவிக்காதீர்கள். அந்த வகை மருந்துகள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, வாசம் போகும்வரை அலசினால் போதும். கொப்புளத்தை உடைக்கவோ, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசவோ வேண்டாம். எண்ணெய் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். பாம்பை மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் நுரை தெரிந்தாலோ அன்றைக்கே கொண்டுபோங்கள்.

பேசினுக்குள் கிடப்பதற்கும் காரணம் தேடவேண்டும். வழக்கமான காரணங்கள் மூன்று: சூடு, செட்டை கழற்றும் காலம், சிற்றுண்ணி. பேசின் தண்ணீரை வெள்ளைத் தட்டொன்றில் ஊற்றிப் பாருங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் சிற்றுண்ணிதான். கண்ணோரத்திலும் தாடைக்குக் கீழும் தேடுங்கள். சூட்டை எண் காட்டும் வெப்பமானியால் அளந்துபாருங்கள், கண்ணாடியில் ஒட்டுகிற முள் வெப்பமானியை நம்பவேண்டாம். குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 பாகையும், சூடான பக்கம் 31, 32 பாகையும் இருக்கவேண்டும். வெயில் காலத்தில் அறையே அந்த அளவுக்குச் சூடாகும்போது வெப்ப விளக்கைப் போடவே வேண்டாம்.

காயம் ஆறிய பிறகு தும்புத்தூளுக்கு மாறலாம். எங்கள் நாட்டில் மலிவாகக் கிடைக்கும் நல்ல விரிப்பு அதுதான். பூங்கன்று விற்கும் கடைகளில் 650 கிராம் கட்டியாக இருக்கும். ஏறக்குறைய 4 லீற்றர் தண்ணீரில் ஊறினால் 8 லீற்றருக்குக் கிட்டப் பெருகும். உங்கள் தொட்டியின் அடித்தளத்தில் 3 சென்ரிமீற்றர் தடிப்புக்குச் சுமார் 12 லீற்றர் தேவை, ஆக ஒன்றரைக் கட்டி. மாரியில் அந்தத் தடிப்புப் போதும், காய்ந்த காலத்தில் 5 சென்ரிமீற்றர் வரை போடலாம். உவர்த் தண்ணீரில் ஊறிய மட்டையின் தூளில் உப்பு இருக்கும்; இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். பிறகு சாக்கில் பரப்பி உலர்த்துங்கள். ஒரு பிடியை இறுக்கிப் பிடித்தால் தண்ணீர் சொட்டக்கூடாது, கையை விரித்ததும் உதிரவேண்டும். நனைத்த கையோடு கொட்டிவிடுவதுதான் பலர் விடும் பிழை. கழிவை அன்றன்றே சுற்றியுள்ள ஒரு பிடி தூளோடு அள்ளுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுங்கள். இரையைத் தூளில் வைக்காமல் ஒரு ரைல்ஸ் துண்டில் வையுங்கள்.

மரக்காலைத் தூள் ஏன் ஆகாது என்றால், எந்த மரம் என்றோ, பூச்சி மருந்து பட்டதா என்றோ உங்களுக்குத் தெரியாது. வாசனை எண்ணெய் உள்ள மரத்தூள் பாம்பின் மூச்சுக் குழாயைக் கெடுக்கும். உமியும் வைக்கோலும் பூஞ்சணம் பிடிக்கும். கடற்கரை மணல் இரையோடு வயிற்றுக்குள் போய் அடைக்கும், உப்பும் உண்டு.

இனிக் கோப்பை. உங்கள் பேசின் ஓரடிக்கு மேல் அகலம் என்றால் அதுவே தொட்டியின் கால்வாசிக்குக் கிட்டிய இடம். அவ்வளவு தண்ணீர்ப்பரப்பும் ஓயாமல் ஆவியாகிறது. போல் பைதன் குடிக்கத்தான் வேண்டும், நாளும் குளிக்கத் தேவையில்லை. 15 சென்ரிமீற்றர் அகலம், 6 அல்லது 7 சென்ரிமீற்றர் ஆழம், அடி அகன்ற, கனமான பீங்கான் கோப்பை எடுங்கள். சில்வர்க் கிண்ணம் சுலபமாகக் கவிழும். சுட்ட மண்சட்டி நல்லதுபோலத் தெரியும், ஆனால் பூச்சில்லாத மண் கசிந்து கீழேயுள்ள தூளை நனைக்கும், துளைகளுக்குள் அழுக்கும் தங்கும். பாதியளவு மட்டும் ஊற்றுங்கள்; பாம்பு உள்ளே இறங்கினால் தண்ணீர் ஏறி வழியும். கோப்பையைக் குளிர்ந்த பக்கத்தில் ஒரு ரைல்ஸ் துண்டின் மேல் வைத்தால் சிந்தியது உடனே கண்ணில் படும்.

தண்ணீரை நாளாந்தம் மாற்றுங்கள். டெங்குக் காலத்தில் இது வீட்டாருக்கும் தேவை, தேங்கிய தண்ணீரில் நுளம்பு முட்டையிட்டு ஒரு வாரமளவில் பறந்துவிடும். உள்ளே வழுவழுப்பு இருந்தால் கிருமிப் படலம். தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு கோப்பை வைத்திருந்தால் ஒன்று வெயிலில் காயும்போது மற்றது உள்ளே இருக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். வினாகிரியில் அரை மணித்தியாலம் ஊறவிட்டால் கழன்றுவிடும். உவர்க் கிணறு என்றால் நீங்கள் குடிக்கும் தண்ணீரையே பாம்புக்கும் வையுங்கள்.

கோப்பையைக் குசினித் தொட்டியிலும் கிணற்றடியிலும் கழுவாதீர்கள். பாம்பின் கழிவில் சல்மனெல்லாக் கிருமி இருக்கலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கிணற்றுக்கே திரும்பும். தனி வாளியில் கழுவி, அந்தத் தண்ணீரைக் கிணற்றிலிருந்து தூரமாக ஊற்றி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கவேண்டாம்.

தொட்டியின் மூடியை வலைமூடியாக மாற்றி, பாம்பு தள்ள முடியாதபடி பூட்டுங்கள். செட்டை கழற்றும் நேரத்தில் மட்டும் கூடுதல் ஈரம் வேண்டும். கண் பால்போல மங்கியதும், பக்கத்தில் பாம்பு நுழையும் அளவுக்குத் துளையிட்ட மூடிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் ஈரத் தும்புத்தூள் போட்டு வையுங்கள். தேவையானால் பாம்பு தானே உள்ளே போகும். செட்டை கழன்றதும் பெட்டியை எடுத்துவிட்டு, கழன்ற செட்டையில் இரண்டு கண்மூடியும் (கண்ணை மூடியிருக்கும் தெளிந்த செதில்) இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று கண்ணில் ஒட்டியிருந்தால் இழுத்தெடுக்காமல் வைத்தியரிடமே விடுங்கள்.