மெல்லிய காற்றில் பாதியிலேயே சோர்ந்து விழும் இரட்டை நூல் பட்டம்

மணிக்கு 6 கிலோமீட்டர் காற்றில் உங்கள் பட்டம் பாதி உயரம் ஏறியதும் சோர்ந்து, பின்பக்கமாகச் சரிந்து விழுகிறது என்கிறீர்கள். பட்டத்தில் கோளாறு இருப்பதாகத் தோன்றவில்லை. சாதாரண டெல்டா (முக்கோண வடிவ) பட்டங்கள் பெரும்பாலும் 8, 10 கிலோமீட்டர் காற்றையாவது எதிர்பார்ப்பவை.

முதலில் நூலை மாற்றுங்கள். 30 மீட்டர் நீளத் தடித்த நூல் தன் எடையாலேயே தொய்ந்து பட்டத்தைக் கீழே இழுக்கும். 15 மீட்டரில், 25 கிலோ தாங்கும் டைனீமா (மெல்லிய, வலுவான செயற்கை நூல்) போதும். இரண்டு நூல்களையும் ஒரே ஆணியில் மாட்டி இழுத்து நீளம் சரிபாருங்கள். வால் கட்டியிருந்தால் தயங்காமல் கழற்றிவிடுங்கள். அழகுக்கு இது நேரமில்லை.

அடுத்து சூத்திரக் கயிறு, அதாவது பட்டத்தின் சட்டத்தில் கட்டி, பறக்கவிடும் நூலை மாட்டும் கயிறு. நூல் மாட்டும் முடிச்சை மூக்குப் பக்கமாக 5 மில்லிமீட்டர் நகர்த்துங்கள், இரு பக்கமும் ஒரே அளவு. ஏறும் வேகம் கூடும். அளவு மீறினால் உச்சியில் பட்டம் உங்கள் தலையைத் தாண்டி ஓடி, நூல் தளர்ந்துவிடும்.

ஆனால் பாதி வேலை கால்களுக்குத்தான். பட்டம் ஏறும்போது பின்னால் நடங்கள். இறங்கும்போது முன்னால் நடந்து விட்ட இடத்தை மீட்டுக்கொள்ளுங்கள். விரலில் இலேசான இழுவை தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். திருப்பும்போது வெடுக்கென்று இழுத்தால் இருக்கும் வேகமும் போய்விடும். மெதுவாக, பெரிய வட்டமாகத் திருப்புங்கள்.

மெல்லிய காற்றுக்கென்றே எடை குறைத்துச் செய்த அல்ட்ரா லைட் பட்டம் வாங்கும் யோசனை இருந்தால், அதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். அதன் மெல்லிய கார்பன் குச்சிகள் பலத்த காற்றில் முறிந்துவிடும்.